புற்று மண்ணில் போட்ட பிட்ச்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைக்குச் சாமான் சீட்டும், கல்யாணமாகிப் போன மகளுக்கு நாலு கடிதமும்தான். எழுத்துப் பிழை இருக்கும். ஞாபகமும் இப்போது அங்கங்கே ஓட்டை. சொன்னதையே திரும்பச் சொல்லுவேன், சொல்ல வேண்டியதை விட்டுவிடுவேன். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எழுதச் சொல்லிக் கேட்டது இளைஞர் கழகத்துப் பிள்ளைகள். வட்டகொடைப் பக்கம் இருக்கிற துரைமார் கிளப் மைதானத்தில், நம்ம தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளின் கிரிக்கெட் அணி இந்த வருசம் முதல் தடவையாக விளையாடப் போகிறதாம். அதற்கு மலர் போடுகிறார்கள். "அந்த பிட்ச்ச போட்டது நீங்கதானாமே, அத எழுதித் தாங்க" என்று லயத்து வீட்டுக்கு வந்து கேட்டார்கள். மூன்று தடவை முடியாது என்றேன். நாலாவது தடவை கொப்பியும் பேனையும் வாங்கிக்கொண்டே வந்துவிட்டார்கள். நல்ல கொப்பி. வீணாக்க மனசு வரவில்லை.

நான் முதலில் கொழுந்து பறிக்கத்தான் பேர் பதிந்தேன். அதைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை, இதைப் படிக்கிற எல்லார் வீட்டிலும் அந்தக் கதை இருக்கிறது. பல வருசம் கழித்து ஒரு நாள், பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற காலைப் பெரட்டில், கிளப் மைதானத்தில் களை எடுக்க நாலு பெண்கள் வேண்டும் என்று கணக்கப்பிள்ளை கேட்டார். சுரண்டி பிடிக்கத் தெரிந்தவர்கள் என்று என்னையும் எடுத்தார்கள். ரெண்டு கிழமை, பதினாலு நாள் வேலை என்றார்கள். நான் அங்கே இருபத்தாறு வருசம் இருந்தேன்.

அந்த மைதானத்தை முதல் நாள் பார்த்தபோது கரையிலேயே நின்றுவிட்டேன். பிறந்ததிலிருந்து சரிவிலேயே நின்றவள் நான். ஒரு காலை மேலே வைத்து ஒரு காலைக் கீழே வைத்துத்தான் எனக்கு நிற்கவே தெரியும். அவ்வளவு பெரிய சமதரையை, சுற்றிலும் தேயிலை மலை நிற்க, நடுவில் பச்சைப் பாயை விரித்த மாதிரி, நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால் வலிக்கவில்லை என்று சொன்னேன். வீட்டுக்காரர் சிரித்தார்.

செக்ரட்டரி துரையைப் பற்றி எழுதியாக வேண்டும். சிங்கள ஆள். முன்பு எங்கேயோ ஒரு தோட்டத்தில் பெரிய துரையாக இருந்து ஓய்வெடுத்துக்கொண்டு கிளப்பைப் பார்த்துக்கொண்டவர். மெலிந்த உடம்பு. சத்தம் போட மாட்டார். தோட்டத்துத் துரைமார் பேசுகிற தமிழ்தான் பேசுவார், எல்லாருக்கும் "நீ"தான், ஆனால் அவர் வாயில் அது மரியாதைக் குறைவாக இருக்காது.

மைதானத்து நடுவில் கயிற்றால் ஒரு சதுரம் கட்டி, அதில்தான் பிட்ச்கள் இருக்கும். அந்தச் சதுரத்துக் கரைக்கு வந்ததும் துரை சப்பாத்தைக் கழற்றுவார். காலுறையையும் கழற்றி சப்பாத்துக்குள் திணித்து வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போவார். முதல் தடவை பார்த்தபோது நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கோயிலுக்குள் போகிற மாதிரியே இருந்தது. பிறகுதான் தெரிந்தது, மண்ணில் ஈரம் எவ்வளவு என்று காலால் பார்க்கிறார். காலுக்குப் பிறகு சாவி. வீட்டுச் சாவியைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்து, குந்தி உட்கார்ந்து, பிட்ச்சில் மூன்று இடத்தில் குத்துவார். ரெண்டு முனையிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. சாவி பல்லு வரைக்கும் இறங்கினால் ரோலர் போடக்கூடாது, மண் ஒட்டிக்கொண்டு வரும். பாதிப் பல்லு இறங்கினால் பெரிய ரோலர். நுனி மட்டும் இறங்கினால் சின்ன ரோலர். இறங்கவே இல்லையென்றால் பூவாளியில் தண்ணீர் தெளிக்க வேண்டும், வாளியால் ஊற்றக் கூடாது. இதை அவர் சொல்லித் தரவில்லை. அவர் குத்துவதையும் பிறகு என்ன வேலை சொல்கிறார் என்பதையும் பார்த்துப் பார்த்து நானே புரிந்துகொண்டேன்.

காலையில் முதல் வேலை பனித்தண்ணீர் எடுப்பது. நீளமான தும்புக் கயிற்றை ஆளுக்கொரு முனை பிடித்துக்கொண்டு மைதானத்துக் குறுக்கே நடந்தால், புல்லு மேலே நிற்கிற தண்ணீர் எல்லாம் உதிர்ந்துவிடும். வெயில் ஏறுவதற்கு முன்னால் முழு மைதானத்தையும் நடந்து முடிக்க வேண்டும். பாவாடை முழங்கால் வரைக்கும் நனைந்து கனக்கும்.

இங்கிலீஷ் எனக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டது. கொட்டகலை பஜாரில் துணிக்கடை வைத்திருந்த நிஸாம் நானா, முஸ்லிம் அண்ணன், அவர்தான் கிளப் மேட்ச்சுக்கு ஸ்கோர் எழுத வருவார். பிளேன்டீ கொண்டுபோய் வைக்கிற சாக்கில் நான் கேட்பேன்.

"நானா, விக்கெட்டுன்னா குச்சிதானே?"

"ஆமா."

"அப்ப ரெண்டு விக்கெட் போச்சுன்னு சொல்றீங்க. குச்சி அங்கனயேதானே நிக்கிது?"

"போனது ஆள், புள்ள."

"நேத்து தொர விக்கெட்டுக்கு தண்ணி தெளின்னாரே. ஆளுக்கா தெளிக்கிறது?"

நிஸாம் நானா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "குச்சியும் விக்கெட்டு, ஆள் அவுட்டானாலும் விக்கெட்டு, நீ தண்ணி தெளிக்கிற தரையும் விக்கெட்டு. இங்கிலீஸ்காரன் ஊரெல்லாம் புடிக்கப் போன அவசரத்துல வார்த்தைய கொறைச்சு கொண்டுபோயிருக்கான். என்னைய விடு, ஒரு பந்து எழுதாம போச்சு."

ஓட்டம் ஒன்றும் எடுக்காத ஓவருக்கு மெய்டன், கன்னிப்பெண் என்று பேராம். எந்த ஆம்பிளை வைத்த பேரோ. நைட் வாட்ச்மேன் என்றால் எங்களுக்குத் தேயிலை ஸ்டோரில் காவல் இருக்கிறவர், இவர்களுக்குப் பொழுது சாய்கிற நேரத்தில் மட்டையோடு அனுப்புகிற அப்பாவி. ரெண்டு பேருடைய வேலையும் ஒன்றுதான், தூங்காமல் நிற்கிறது. அப்பீல் என்றால் கோர்ட்டுக்குப் போடுவது என்று நினைத்திருந்தேன். இங்கே எல்லாரும் கையைத் தூக்கிக் கத்துகிறார்கள், அம்பயர் விரலைத் தூக்கினால் தீர்ப்பு. நாம் மாரியம்மன் முன்னால் கையைத் தூக்கி நிற்பதும் அப்பீல்தான் என்று எனக்குத் தோன்றும். ஆத்தா விரலைத் தூக்கினாளா இல்லையா என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை.

சாமி விசயத்தில் விளையாட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான். ஒருவர் கையில் பௌத்த பிக்கு ஓதிக் கட்டிய பிரித் நூல் இருக்கும், ஒருவர் மட்டையைத் தூக்குமுன் சிலுவை போடுவார், ஒருவர் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவார், பந்து போடுகிற ஒரு பையன் உதட்டுக்குள்ளேயே பிஸ்மில்லா சொல்லுவான். ரெண்டு பக்கமும் வேண்டுகிறார்கள், ஒரு பக்கம் தோற்கிறது. தோற்றவன் அடுத்த வருசமும் அதே நூலைக் கட்டிக்கொண்டு வருகிறான். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு நம்பிக்கை கூடியதே தவிரக் குறையவில்லை. ஏனென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

ஒரு வருசம் மழையில் பழைய பிட்ச் கெட்டுப்போனது. நடுவில் பள்ளம் விழுந்து, பந்து ஒரு நேரம் தவளை மாதிரிக் குதிக்கும், ஒரு நேரம் ஊரும். அப்படிக் குதித்த ஒரு பந்து மட்டை பிடித்திருந்த ஒரு பையனின் வாயில் பட்டு ரெண்டு பல்லு போனது. அந்த ரத்தத்தைப் புல்லிலிருந்து கழுவியது நான். துரை அன்றைக்கே பிட்ச்சை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது என்று முடிவு செய்தார்.

ரோலர் ஆட்களுக்குத் தலைவர் கருப்பையா அண்ணன். முப்பது வருசமாக அந்த இரும்பு ரோலரை இழுத்தவர். புது பிட்ச் வேலை அவருக்குத்தான் என்று எல்லாரும் நினைத்தோம். ஆனால் லொறியில் மண் வந்து இறங்கியபோது கருப்பையா அண்ணன் பின்வாங்கிவிட்டார். அது கீழ்நாட்டிலிருந்து வந்த புற்று மண். கறையான் கட்டிய புற்றை உடைத்துக் கட்டி கட்டியாகக் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். கிரிக்கெட் பிட்ச்சுக்கு அதைவிட இறுகிப் பிடிக்கிற மண் கிடையாதாம். நமக்குப் புற்று என்றால் என்ன? வெள்ளிக்கிழமை பால் ஊற்றி மஞ்சள் பூசிக் கும்பிடுகிற இடம். நாகம்மா குடியிருக்கிற வீடு.

"வீட்ட ஒடச்ச மண்ணு இது. நான் கை வைக்க மாட்டேன். என் பேரப்புள்ளைங்க நல்லாருக்கணும்" என்றார் கருப்பையா அண்ணன். ஆட்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். என்னோடு களை எடுத்த பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிவிட்டாள்.

துரை யாரையும் திட்டவில்லை. "யார் செய்வ?" என்று ஒரு தடவை கேட்டார்.

அதுவரைக்கும் நான் அவரிடம் "சரிங்க" என்ற ஒரு வார்த்தையைத் தவிர வேறு பேசியதில்லை. அன்றைக்கு எப்படி வாய் திறந்தேனோ. "ஒடஞ்சது ஒடஞ்சிருச்சுங்க. நாகம்மாகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு நான் செய்றேங்க" என்றேன்.

துரை மண் குவியலைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சரி. மாசி மாச மேட்ச் முடியட்டும். பிட்ச் நல்லா இருந்தா, கிரவுண்ட் நீ பொறுப்பு. இல்லன்னா மலைக்குப் போ."

மலைக்கு, கொழுந்து பறிக்கத் திரும்புவது கேவலமில்லை. ஆனால் பாருங்கள், அதுவரைக்கும் நான் செய்த வேலை எல்லாம் யாரோ பேர் கூப்பிட்டு அனுப்பிய வேலை. இது நானே ஆசைப்பட்டுக் கேட்ட வேலை. வாழ்க்கையில் அப்படி ஒன்று எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை.

நாலு மாதம். கட்டியை உடைத்து, சலித்து, கல்லும் வேரும் பொறுக்கி, அடுக்கு அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் வெறுங்காலால் மிதித்து, மேலே புல்லு நட்டேன். ஒரு கிழமை பார்த்துவிட்டுப் பாக்கியமும் இன்னும் மூன்று பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ரோலர் இழுக்க மட்டும் ஆம்பிளைகள் வருவார்கள், மண்ணைத் தொட மாட்டார்கள். கருப்பையா அண்ணன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டே பேசுவார்:

"பொம்பள மிதிச்ச பிட்ச்சுல பந்து வெக்கப்பட்டுக்கிட்டு எந்திரிக்கவே எந்திரிக்காது பாருங்கடா."

பாக்கியம் விடுவாளா? "அண்ணே, ஒங்க வீட்டுல அண்ணி மிதிச்சு நீங்க எந்திரிக்கலையா?" என்பாள். ரோலர் நின்றுவிடும், சிரித்து முடிந்துதான் மறுபடி நகரும்.

அவர்கள் கேலிக்கு அடியில் ஒரு பேச்சு இருந்தது எனக்குத் தெரியும். பிட்ச் கெட்டால் பெண் கால் பட்டதால் கெட்டது, தீட்டுப் பட்டது என்பார்கள். அது என்னோடு போகாது. என் பின்னால் வருகிற எல்லாப் பெண்ணுக்கும் அந்தச் சதுரத்துக் கயிறு குறுக்கே நிற்கும்.

மேட்ச் நாள் வந்தது. நாகம்மாவிடம் நான் கேட்ட மன்னிப்பு எல்லாம் மனசுக்குள் கேட்டதுதான். முறையாக ஒரு கற்பூரம் கொளுத்தவில்லை, ஒரு சொட்டுப் பால் ஊற்றவில்லை. நாலு மாதமாக இது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. புது மலையில் கொழுந்து எடுப்பதென்றாலே கற்பூரம் காட்டாமல் கூடையில் கை போட மாட்டோம், இவ்வளவு பெரிய வேலையை மொட்டையாகவா தொடங்குவது? அதனால் அன்றைக்குக் காலை, விடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் போனேன். ஒரு வெற்றிலை, ஒரு பாக்கெட் கற்பூரம், குட்டிப் போத்தலில் பசும்பால். வேலை நல்லபடியாக அமையக் கேட்க வேண்டிய இடம் எது? பிட்ச்தானே? வெற்றிலையைப் பிட்ச் மேலேயே வைத்து, முழுக் கற்பூரத்தையும் கொட்டிக் கொளுத்திவிட்டுக் கண்ணை மூடினேன்.

இலை அடியில் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தால் இலையைக் காணோம். அடியில் இருந்த காய்ந்த புல்லு எரிகிறது. பதறிப்போய்க் கையில் இருந்த பாலை அப்படியே ஊற்றினேன். 'சுர்' என்று ஒரு சத்தம். சுட்ட மண்ணில் குளிர்ந்த பால். நாலு மாதம் மிதித்த மண் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, நடுவில் ஓடு மாதிரி வெடித்து, விளிம்பு லேசாகத் தூக்கிக்கொண்டது.

இடமும் சரியான இடம். மட்டை பிடிக்கிறவருக்கு முன்னால், நல்ல பந்து விழுகிற அதே தூரத்தில், குச்சிக்கு நேர்க்கோட்டில்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கருப்பையா அண்ணன். பார்த்துவிட்டார். இன்றைக்கு ஊரைக் கூட்டுவார் என்று நினைத்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"புள்ள, அழாத. வெட்டுன புல்லு மூலையில குவிச்சிருக்கு. ஒரு பிடி தூவி சின்ன ரோலர ரெண்டு தரம் விட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. நான் சொல்ல மாட்டேன். என் மவ மேல சத்தியம்."

அந்த மனுசனா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். அவர் சொன்னது நடக்கிற காரியமும்தான். புல்லைத் தூவி உருட்டினால் துரைக்குக்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் தூக்கிக்கொண்டிருந்த அந்த விளிம்பைப் பார்த்தால் எனக்கு ரெண்டு பல்லுதான் ஞாபகம் வந்தது. அந்த விளிம்பில் பந்து பட்டால் முகத்துக்குத்தான் எழும்பும். ஒரு பிள்ளையின் முகத்தை வைத்து நான் கிரவுண்டை வாங்க வேண்டுமா?

"இல்லண்ணே. சொல்லிருறேன்" என்றேன்.

"மலைக்கு அனுப்பிருவாரு புள்ள."

"போறேன்."

பெவிலியன் படிக்குப் போனேன். துரை தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "தொரைங்களே, பிட்ச்ச நான் சுட்டுட்டேங்க" என்றேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தார். கரையில் சப்பாத்தைக் கழற்றினார். குந்தி உட்கார்ந்தார். சாவியை எடுத்தார், குத்தாமல் பையிலேயே போட்டுவிட்டார். விரலால் தொட்டு மூக்குக்குக் கொண்டுபோனார்.

"கற்பூரம்."

"ஆமாங்க."

மறுபடி முகர்ந்தார். "பால்?"

"ஆமாங்க."

"யாருக்கு?"

"புத்துக்குங்க. நாகம்மாவுக்கு. மன்னிப்பு கேக்குறேன்னு சொன்னேனுங்களே... இன்னைக்குத்தான் கேட்டேன்."

துரை குனிந்தபடியே விரலைப் புல்லில் துடைத்தார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு, "நாப்பது வருசம் கிரவுண்ட் பாக்குறேன். பிட்ச்சுக்குப் பால் ஊத்துன மொத ஆள் நீ" என்றார். எழுந்து, "கெப்டன் ரெண்டு பேரையும் கூப்பிடு. அம்பயரையும் கூப்பிடு. நீயே சொல்லு" என்றார்.

"நானுங்களா?"

"நீ செஞ்ச. நீ சொல்லு."

வெள்ளை உடுப்பில் நாலு பேர் வந்து வட்டமாக நின்றார்கள். முந்தானை நுனியைச் சுற்றிச் சுற்றி விரலே கறுத்துவிட்டது. தமிழும் சிங்களமும் கலந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷையும் போட்டு, நடந்ததைச் சொன்னேன். ஒரு கெப்டன் சிரித்தார். மற்றவர் சிரிக்கவில்லை. "மேட்ச்ச நிப்பாட்ட வேண்டியதுதான்" என்றார். ஒரு அம்பயர், வெடித்த மண்ணை வெட்டி எடுத்துவிட்டுக் கரையிலிருந்து ஒரு துண்டு புல்லுமண்ணைப் பதிக்கலாமே என்றார்.

அங்கேதான் நான் வாய் திறந்தேன். யாரும் கேட்காமலே திறந்தேன். "பதிக்கக் கூடாதுங்க" என்றேன். "இன்னைக்குப் பதிச்ச மண்ணு இன்னைக்கு புடிக்காதுங்க. மெத்துனு இருக்கும். அதுல பந்து விழுந்தா எங்க போகும்னு ஆருக்கும் தெரியாது. இத இப்படியே வுட்டுட்டு, நீங்க குச்சிய தள்ளி நடுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

இது நான் மலையில் படித்தது. புதுத் தேயிலை நடுவதற்குக் குச்சி குத்தி வரிசை பிடிப்போம். வரிசைக்கு நடுவில் பாறை வந்தால் அந்த ஒரு கன்றை மட்டும் விலக்கி நட மாட்டோம். அப்படி நட்டால் வரிசை கோணிவிடும். முழு வரிசையையும் ஓர் அடி பக்கவாட்டில் நகர்த்துவோம், பாறை தானாக வரிசைக்கு வெளியே போய்விடும். பிட்ச் பத்து அடி அகலம். ரெண்டு பக்கத்துக் குச்சிகளையும் பக்கவாட்டில் ஒரே அளவு நகர்த்தினால், சுட்ட இடம் மட்டைக்காரரின் காலுக்குப் பின்பக்கம் ஒதுங்கிவிடும். அங்கே யாரும் வேண்டுமென்று பந்து போட மாட்டார்கள். தூக்கிய விளிம்பைச் சுரண்டியால் சீவி, ஈரச் சாக்கை வைத்து அழுத்திக் காயவிட்டால் பந்து எழும்பாது, தாழத்தான் போகும். இதை அவர்களிடம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

துரை அம்பயரைப் பார்த்தார். அம்பயர் பிட்ச்சைப் பார்த்தார். சிரிக்காத கெப்டன்தான் கேட்டார்: "எங்ககிட்ட இடக்கைக்காரன் ஒருத்தன் இருக்கான். அவனுக்கு அந்த இடம் முன்பக்கம் வருமே?"

அதை நான் யோசிக்கவில்லை. அந்த இடக்கைக்காரப் பையனையே கூப்பிட்டார்கள். அவன் வந்து குனிந்து தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் சிங்களத்தில் கேட்டான்: "அக்கா, எழும்புமா, தாழுமா?"

"தாழும் தம்பி."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

"அப்ப நான் நிக்கிறேன்" என்றான்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் எனக்குக் கையும் காலும்தான் இருந்தது. பழைய சுண்ணாம்புக் கோட்டை ஈரச் சாக்கால் துடைத்து, டேப் பிடித்து, புதுக் கோடு போட்டு, குச்சி நட்டு, சின்ன ரோலர் ரெண்டு தரம். பக்கத்துப் புற்று மண் கையில் படுகிறதே என்று பார்க்காமல் கருப்பையா அண்ணன் என்னோடு முட்டி போட்டு உட்கார்ந்து சாக்கை அழுத்தினார். நான் அவரைப் பார்த்தேன். "என்னா பாக்குற? நீதான் மன்னிப்பு கேட்டுட்டியே, எல்லாருக்கும் சேத்து" என்றார்.

மேட்ச் நேரத்துக்குத் தொடங்கியது. மற்றவர்கள் பந்தைப் பார்த்தார்கள், நான் அந்தக் கறுத்த இடத்தை மட்டும் பார்த்தேன். மத்தியானம் வரைக்கும் ஒரு பந்தும் அங்கே விழவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு இடக்கைப் பையன் வந்தான். நல்லா ஆடினான். தேநீர் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், வேகமாக ஓடிவந்த ஒருவர் போட்ட பந்து நேராகப் போய் அந்த இடத்திலேயே விழுந்தது. நான் கண்ணை மூடவில்லை. மூடத்தான் நினைத்தேன், முடியவில்லை. பந்து கணுக்கால் உயரத்துக்குச் சறுக்கிக்கொண்டு போனது. அவன் மட்டையைத் தரையோடு இறக்கித் தட்டிவிட்டான். தட்டிவிட்டு, பந்து போன பக்கம் பார்க்காமல், ரோலருக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து மட்டையை லேசாகத் தூக்கினான். அம்பதோ நூறோ அடித்தால்தான் அப்படித் தூக்குவார்கள். அவன் அன்றைக்கு ரெண்டும் அடிக்கவில்லை. நிஸாம் நானா பிறகு சொன்னார், "புள்ள, அம்பது கூட ஆகல்ல. அவன் எதுக்கு மட்டைய தூக்கினான்னு ஸ்கோர் புத்தகத்துல எழுத எடமில்ல."

யார் ஜெயித்தார்கள் என்பது எனக்கு மறந்துவிட்டது.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு துரை கிரவுண்ட் புத்தகத்தைத் திறந்து எழுதினார். என்னைப் பார்க்கச் சொன்னார். இங்கிலீஷில் என் பேர், பக்கத்தில் கிரவுண்ட்ஸ்மேன். மேன் என்றால் ஆம்பிளை என்று எனக்குத் தெரியும். "தொரைங்களே, நான் பொம்பளைங்க" என்றேன். அவர் பேனையை மூடிக்கொண்டே, "இங்கிலீஷுக்கு அது தெரியாது" என்றார். ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் என் சம்பளச் சீட்டில் அப்படியேதான் இருந்தது. மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆம்பிளைகளுக்கென்று வைத்த பேரில் நான் அத்தனை வருசம் உட்கார்ந்திருந்தேன் என்பதில் எனக்கு ஒரு சந்தோசம்தான்.

மறு வருசம் மேட்ச்சுக்கு முந்தின கிழமை துரை ஒரு தட்டைக் கல்லைக் கொண்டுவந்து எல்லைக் கயிற்றுக்கு வெளியே போடச் சொன்னார். மிச்சமிருந்த புற்று மண்ணில் ஒரு கட்டியை அதன் மேல் வைக்கச் சொன்னார். "இங்க கொளுத்து. எவ்வளவு வேணுமோ கொளுத்து. பாலும் இங்க" என்றார். அன்றிலிருந்து மேட்ச் காலை அங்கே கற்பூரம் எரியும். அது அணைகிறவரைக்கும் அம்பயர் உள்ளே இறங்க மாட்டார். இன்னும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று பாக்கியத்தின் மகள் சொல்கிறாள். அவள்தான் இப்போது அங்கே பொறுப்பு.

இதை அச்சுப் போடுகிறவர்கள் ஒருதரம் சரிபார்த்துவிடுங்கள். குச்சியை ஓர் அடி தள்ளினோம் என்று என் ஞாபகம், கருப்பையா அண்ணனின் வீட்டில் ஒன்றரை அடி என்கிறார்கள். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனை யார் கையில் இருந்தது என்று நினைவில்லை. நிஸாம் நானாவின் பழைய ஸ்கோர் புத்தகங்கள் கடையில் மகனிடம் இருக்கும், மேட்ச்சில் யார் ஜெயித்தார்கள் என்று அதில் பாருங்கள். எழுத்துப் பிழை எல்லாவற்றையும் திருத்துங்கள். அளவு பிழையென்றால் அதையும் திருத்துங்கள். தள்ளி நடச் சொன்னது நான் என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.